மூன்றாம் வகுப்பும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இத்தகைய கூட்டங்களில் கல்வி என்றவுடன் கல்லூரிப் படிப்பும், பட்டமும், உத்தியோகமும், பரிசில்களுமே பேசப்படுதல் வழக்கம். யாம் இன்று பேசப்புகும் பொருள் அவற்றினும் மிகச் சிறியது. ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் எம்மிடம் பயிலும் மூன்றாம் வகுப்புச் சிறார், சென்ற ஜூன் மாதம் தொடங்கி இத்தை மாதம் வரையில் யாது செய்தனர், யாது கற்றனர் என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். தமிழ்ப் பண்டிதர் பயிற்சி பெற்ற ஒருவர் இலக்கண இலக்கியங்களை விடுத்து, எட்டு வயதுக் குழந்தைகளின் கிறுக்கலைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணலாம். நன்னூலைக் கரைத்துக் குடித்தவரும் ஒருநாள் அகரத்தைக் கோணலாக எழுதியவரே யன்றோ?

மூன்றாம் வகுப்பை யாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. முதலிரண்டு வகுப்புகளிற் குழந்தை படிப்பதற்குக் கற்கின்றது; மூன்றாம் வகுப்புக்குப் பின்னர்ப் படித்துக் கற்கின்றது. அதுகாறும் எழுத்தே பாடம். அதன்பின் எழுத்து மற்றப் பாடங்களுக்கு வாயில். அவ்வாயிலை உரிய காலத்தில் திறவாத பிள்ளை, நான்காம் வகுப்பில் அறிவியலையும், ஐந்தாம் வகுப்பிற் கணக்கையும் வெளியே நின்றே கேட்கின்றது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகள் தேர்ச்சித் தடையின்றி மேல்வகுப்பு ஏறுகின்றனர். அது குழந்தைகளை அச்சத்தினின்றும் காத்த நல்லேற்பாடு. எனினும், எட்டு வயதில் விழுந்த குறை பதினைந்து வயதுவரை பெற்றோர் கண்ணுக்குப் புலப்படாமற் செல்வதற்கும் இடந்தருகின்றது. பத்தாம் வகுப்புத் தேர்வில் அது வெளிப்படும்போது, “பையனுக்குப் புத்தி போதாது” என்று கூறிவிடுகின்றோம். புத்தி போதாமை யன்று. ஏழாண்டுகளுக்கு முன் ஒரு கதவு திறக்கப்படவில்லை என்பதே உண்மை.

கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட பள்ளிகள், தொடக்க வகுப்பினருக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றே திறக்கப்பட்டன. 2020இல் முதல் வகுப்பிற் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தைகள், 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் வந்தமர்ந்தபோது, பள்ளிப் பலகையில் அமர்ந்திருந்த காலம் சில மாதங்கள்தாம். அவர்களைப் போன்றோருக்காகவே 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யும், 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடங்கப்பட்டன. பின்னதில், குழந்தைகள் அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று பிரிவாக அமர்த்தப்பட்டனர். ஒரே வகுப்பில் எழுத்தறியாத பிள்ளையும் கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளையும் இருப்பர் என்னும் உண்மையை மறையாது ஒப்புக்கொண்டமையே அத்திட்டத்தின் சிறப்பென்று யாம் கருதுகின்றோம். அரும்பு என்பது இழிவுப் பெயரன்று. மலரும் ஒருநாள் அரும்பே.

இனி எம் வகுப்பின் செய்தியைக் கூறுவோம். பிள்ளைகள் 27 பேர். ஜூன் மாதத்தில் அவர்களைத் தனித்தனியே படிக்கச் செய்து பார்த்தோம். ஒரு சிறுமி பாடப்பகுதி முழுவதையும் தங்குதடையின்றிப் படித்தாள். கேட்டவர் மகிழ்ந்திருப்பர். புத்தகத்தை மூடிவிட்டு, “இதில் யார் யார் வருகின்றார்கள்? என்ன நடந்தது?” என்று வினவினோம். வாய் திறந்திலள். எழுத்துகள் அவள் கண்வழிப் புகுந்து வாய்வழி வெளியேறின. உள்ளே ஓரிடத்தும் தங்கவில்லை. வேறொரு சிறுவன் இரண்டெழுத்துச் சொல்லையும் கூட்டிப் படிக்க இயலாது நின்றான். அவனை அழைத்துவந்த உறவினர் ஒருவர், அவன் காதுபடவே, “இவன் மக்கு ஐயா” என்று எம்மிடம் கூறிச் சென்றிருந்தார். இவ்விருவரையும் மனத்திற் கொண்டே ஆண்டின் வேலையை வகுத்தோம்.

முதலாவது, எழுத்து. பழைய திண்ணைப்பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியதை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு முதல் படைவீரர் அநாதைச் சிறுவர்க்கான பள்ளியொன்றை நடத்திய ஆந்திரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் கைக்கொண்டார். கற்ற சிறுவரைக் கொண்டே பிற சிறுவர்க்குக் கற்பிக்கவும் செய்தார். அதனை 1797இல் ஒரு நூலாக வெளியிட, அஃது இங்கிலாந்திற் பரவி ‘மதராஸ் முறை’ என்றே பெயர்பெற்றது. அவ்வளவு பெருமையுடைய மணலை யாமும் ஒரு தட்டிற் பரப்பி வைத்தோம். தாளிற் பிழைத்தால் அடித்தல் திருத்தல் கண்ணை உறுத்தும். மணலிற் பிழைத்தாலோ, உள்ளங்கையால் ஒரு துடைப்பு, பிழை மறைந்தது. பிழைக்கு அஞ்சாத பிள்ளை விரைவில் எழுதும் என்பதனை ஒரு மாதத்திற்குள் கண்டோம்.

தமிழெழுத்து 247 என்று கேட்டு அஞ்சுவோர் பலர். அவற்றுட் பெரும்பாலான, சில வடிவங்களையும் சில குறிகளையும் சேர்ப்பதால் வருவன. குழந்தைகளை உண்மையில் தடுமாறச் செய்வன, ல ள ழ என்னும் மூன்றும், ண ந ன என்னும் மூன்றும், ர ற என்னும் இரண்டுமே. இவற்றைப் புத்தகத்திற் கற்பிப்பதைவிடத் தெருவிற் கற்பித்தல் எளிதாயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கு வரும் வழியிலுள்ள பெயர்ப்பலகைகளிலிருந்து நாளுக்கு ஒரு சொல்லைப் பார்த்து எழுதிவர வேண்டும் என்று பணித்தோம். நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம், அஞ்சல் நிலையம், தேநீர்க்கடை என நான்கு வாரங்களில் வகுப்பின் சுவர் நிரம்பியது. ஒருநாள் ஒரு சிறுவன், “ஐயா! இக்கடையில் வாழைப்பலம் விற்கின்றார்களாம். பலம் என்றால் வலிமை யன்றோ? அதை எப்படி விற்பது?” என்றான். வகுப்பே நகைத்தது. அவ்வொரு நகைப்பிற் கற்ற ழகரத்தை அவர்கள் இனி மறவார். கடைக்காரரும் நல்ல மனமுடையவர். செய்தி அறிந்து, ஒரு கிழமைக்குள் பலகையைத் திருத்தி எழுதுவித்தார்.

இரண்டாவது, கணக்கு. பின்னம் என்பது குழந்தைகளுக்குப் பெரும் பூதம். நம் முன்னோர் அதனை அடுக்களையிலேயே வைத்திருந்தனர். வீட்டிற் பழைய அளவைக் கலங்கள் இருந்தாற் கொண்டுவருமாறு கேட்டோம். படியும், உரியும், உழக்கும், ஆழாக்கும் வந்து சேர்ந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தமையால், இவை கடைத்தெருவை விட்டுப் பரணேறின. பிள்ளைகள் முற்றத்தில் அமர்ந்து நீரால் அளந்தனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே உரி என்பது அரைப்படி. உழக்கு என்பது காற்படி. ஆழாக்கு என்பது அரைக்காற்படி. எட்டு ஆழாக்கு ஊற்றினாலன்றிப் படி நிரம்பவில்லை. ‘எட்டில் ஒன்று’ என்பது கரும்பலகையில் இரண்டு எண்களுக்கிடையே ஒரு கோடு. முற்றத்திலோ கையிற் பிடிக்கும் கலம்.

இங்கேதான் யாம் முன்னர்க் கூறிய சிறுவன் முன்வந்தான். அவன் அன்னை பால் கறந்து வீடுவீடாக அளந்து ஊற்றுபவர். மற்றவர் நீரை ஊற்றி எண்ணுவதற்கு முன்பே, இத்தனை உழக்கிற்கு இத்தனை ஆழாக்கு என்று அவன் கூறலானான். யாம் அதனினும் கடினமான கணக்குகளை வினவினோம். விரல்விட்டெண்ணாமல் விடை கூறினான். “உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்?” என்றோம். “அம்மாவோடு போவேன், ஐயா” என்றான். மறுநாள் கலங்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டும் வேலையை அவனிடமே ஒப்புவித்தோம். உழக்கு, ஆழாக்கு என்னும் இரு சொற்களிலும் ழகரம் உண்டு. மணற்றட்டின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்து எழுதி முடித்தான். மூன்று மாதங்கள் எழுத்துக் கூட்டாத பிள்ளை, தனக்கு உரிமையான சொல் கிடைத்தவுடன் எழுதினான். இன்று அவன் சிறு வாக்கியங்களைத் தானே படிக்கின்றான். அவன் அன்னையாரை ஒருநாள் வகுப்பிற்கு வரவழைத்தோம். “எனக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாதே, நான் வந்து என்ன சொல்ல?” என்று தயங்கினார். வந்து, பால் அளக்கும் கணக்கைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். அன்று அந்தச் சிறுவன் நிமிர்ந்து அமர்ந்திருந்ததை யாம் மறத்தற்கில்லை.

மூன்றாவது, பயிர். இரு தகரக் குவளைகளில் மண்ணிட்டுப் பச்சைப்பயறு விதைத்தோம். ஒன்றைச் சாளரத்தருகிலும், மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைத்து, இரண்டிற்கும் ஒரே அளவாக நீர் வார்த்தோம். எது உயரமாக வளரும் என்று முன்னரே கூறுமாறு கேட்டோம். வெளிச்சத்திலுள்ளதே என்றனர் அனைவரும். ஒரு கிழமைக்குப் பின் அலமாரியைத் திறந்தபோது, இருளிலிருந்த முளைகளே மிக நீண்டிருந்தன. பிள்ளைகள் திகைத்தனர். “தொட்டுப் பாருங்கள்” என்றோம். அவை வெளிறி, மெலிந்து, நிற்கமாட்டாமற் சாய்ந்தன. சாளரத்தருகில் இருந்தவை குட்டையாயினும் பசுமையாக நிமிர்ந்து நின்றன. இருளிலுள்ள பயிர் ஒளியைத் தேடித் தன் விதையிலிருந்த உணவையெல்லாம் நீளுவதிலேயே செலவிடுகின்றது என்பதனை விளக்கினோம். பொருளறியாமல் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கும் அப்பயிருக்கும் வேற்றுமை சிறிதே என்பதனை அவர்களிடம் கூறவில்லை. பெரியோர்களாகிய உங்களிடம் கூறுகின்றோம். உயரத்தை மட்டும் அளப்பவர் ஏமாறுவர்.

நான்காவது, மழை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், பக்கங்கள் நேரான ஒரு கலத்தை வெளியில் வைத்து, அதில் நின்ற மழைநீரை அளவுகோலால் அளந்து நாள்தோறும் எழுதிவந்தனர். ஒரு மில்லிமீட்டர் மழையென்பது ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் நீர். எம் வகுப்பறையின் தளம் 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உடையது; பரப்பு 40 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெய்த ஒருநாளில் அத்தளத்தின்மேல் விழுந்த நீர் 400 லிட்டர் என்று பிள்ளைகளே பெருக்கிக் கண்டனர். வீடுகளில் விலைக்கு வாங்கும் 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன்கள் இருபது! அப்போது ஒரு சிறுமி எழுந்து, “அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று, ஐயா?” என்று கேட்டாள். ஜூன் மாதத்தில் படித்ததற்குப் பொருள் கூறமாட்டாது நின்ற சிறுமி அவளே. தமிழ்நாட்டிற் கட்டடங்கள் தோறும் மழைநீர் சேமிப்பு அமைத்தல் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டதைக் கூறினோம். பிள்ளைகள் அன்று மாலையே தத்தம் வீட்டுக் குழாய்களைச் சென்று பார்த்து, எவை மண்ணடைத்துக் கிடக்கின்றன என்று எழுதிவந்தனர். உங்களிற் சிலர் வீட்டுக் குழாய்களும் அப்பட்டியலில் உள்ளன என்பதை அன்போடு தெரிவிக்கின்றோம்.

இவை யெல்லாம் நிகழ்வதற்கு முதற்காரணம் ஒன்றுண்டு. அதனைக் கூறாது விடுதல் நன்றியன்று. பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது. 1920ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகலுணவு தொடங்கிற்று; 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் விரிந்தது; 1982இல் சத்துணவாக வளர்ந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய காலையுணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. முன்னர்க் காலை முதற் பாடவேளையிற் கண் சொருகிய பிள்ளைகள், இன்று கேள்வி கேட்கின்றனர்.

பெரியோர்களே! இதுவரை கூறியவை எம் வகுப்பின் செய்தி. இனி உங்களிடம் எம் விண்ணப்பம். நம் சங்கம் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பொன்னாடையும் பணமுடிப்பும் வழங்குகின்றது. அது நற்செயலே; அதனை நிறுத்துக என்று யாம் கூறோம். கனியைக் கண்டு கைதட்டும் நாம், வேருக்கு ஒரு குடம் நீர் வார்த்தோமா என்பதே எம் வினா. பரிசில் பெறுவோர் சிலர். மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கி, பெயர் தெரியாமற் பள்ளியை விட்டு நீங்குவோர் நம் இல்லங்களிலேயே உளர். அவர்களைப் பற்றி எந்த ஆண்டறிக்கையிலும் ஒரு வரியும் வந்ததில்லை.

ஆகவே முதல் விண்ணப்பம்: மாலையில் வீடு திரும்பும் குழந்தையிடம், “எத்தனை மதிப்பெண்?” என்று கேளாது, “இன்று என்ன கற்றாய்? எனக்குச் சொல்” என்று கேளுங்கள். எழுத்தறியாத அன்னையும் இதனைக் கேட்கலாம். தன் சொல்லில் எடுத்துக் கூறும் பிள்ளை கற்றது; ஒப்பித்துவிட்டு விழிக்கும் பிள்ளை இன்னும் கற்கவில்லை. இதனை அறியப் பட்டம் வேண்டுவதில்லை. கால் மணி நேரமும் காதும் போதும்.

இரண்டாவது: குழந்தையின் காதுபட “மக்கு” என்னும் சொல்லைக் கூறாதீர்கள். எட்டு வயதிற் கேட்ட அச்சொல்லை அப்பிள்ளை எண்பது வயதுவரை சுமக்கும்.

மூன்றாவது: திருமணம், திருவிழா, அறுவடை என்று பிள்ளைகளைக் கிழமைக்கணக்கிற் பள்ளிக்கு அனுப்பாதிருத்தல் வேண்டா. கணக்கு என்பது சங்கிலி. இடையில் ஒரு கண்ணி விடுபட்டால் அடுத்தது கோவாது.

நான்காவது விண்ணப்பம் சங்கத்திற்கு. பரிசில் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, நம்மவர் வாழும் ஊர்தோறும் உள்ள தொடக்கப்பள்ளிக்குக் கதைப் புத்தகங்கள் நிறைந்த ஓர் அலமாரி வழங்குக. அப்பள்ளியில் நம் பிள்ளைகளோடு எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் அமர்ந்து படிக்கின்றனர். புத்தகமும் அனைவர்க்கும் பொதுவாகவே இருத்தல் வேண்டும். வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்துப் பள்ளி நடத்திய ஊர்கள் தென்பாண்டி நாட்டில் உண்டு. அவர்கள் கொடுத்தது ஒரு பிடி, எழுந்தது கல்விச்சாலை. மேலும், உறுப்பினர்கள் மாதத்தில் ஒருமணி நேரம் வகுப்பிற்கு வந்து தத்தம் தொழிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுக. தச்சர் கோணத்தைக் காட்டட்டும். தையற்காரர் அளவைக் காட்டட்டும். உழவர் மண்ணைக் காட்டட்டும்.

இதனைக் கேட்டுச் சிலர் உள்ளத்தில், “எம் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், இவ்வூர்ப் பள்ளியைப் பற்றி எமக்கென்ன?” என்னும் எண்ணம் தோன்றலாம். ஆங்கிலத்தை யாம் வெறுப்பவரல்லோம். அதனைக் குழந்தைகள் செவ்வையாகக் கற்றல் வேண்டும். ஆயினும் எட்டு வயதுப் பிள்ளை, “அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று?” என்று கேட்கத் தனக்குச் சொந்தமான மொழி வேண்டும். கேள்வி பிறக்கும் மொழியில் அறிவு பிறக்கின்றது. பிறந்த அறிவை எம்மொழியிலும் பின்னர் உடுத்தலாம். உங்கள் பிள்ளை எப்பள்ளியிற் பயின்றாலும், மாலையில் நீங்கள் கேட்கவேண்டிய வினா ஒன்றே. உங்கள் பிள்ளை பயிலாவிடினும், அண்டை வீட்டுப் பிள்ளை பயிலும் பள்ளி நம்முடையதே. பிள்ளைகள் குறையக் குறைய, இரண்டு வகுப்புகளை ஓராசிரியர் பார்க்கும் நிலை வருகின்றது. ஊரார் கைவிட்ட பள்ளியை எத்திட்டமும் தாங்கிப் பிடிக்கமாட்டாது.

எம் பிள்ளைகள் இவ்வாண்டு தாம் கண்டவற்றைத் தாமே எழுதிப் படம் வரைந்து ஒரு கையெழுத்து இதழாகத் தைத்துள்ளனர். அதனை இம்மண்டபத்தின் வாயிலில் மேசைமீது வைத்துள்ளோம். அதிற் பிழைகள் உண்டு. யாம் வேண்டுமென்றே அவற்றைத் திருத்தாமல் விட்டோம், ஏனெனில் அடுத்த ஆண்டு அப்பிழைகளை அவர்களே கண்டு நகைக்கவேண்டும். செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு பக்கமேனும் படித்து, அதன்கீழ் ஒரு வரி எழுதிச் செல்லுங்கள். தாம் எழுதியதை ஒரு பெரியவர் படித்தார் என்று அறியும் பிள்ளைக்கு அதனினும் பெரிய பரிசில் வேறில்லை.